விழுந்த எலி எழுந்துவிடும்

கிர்பத் சல்மா
14 பிப்ரவரி 2010

வத்ஹாவுக்கு,

சலாம். அது கடமை என்பதால் சொல்கிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. அண்ணன் சமாதானத்துக்கு வருகிறான் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிடாதே.

நான் போட்ட சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. உன் குரல் என் வீட்டில் கேட்டாலோ உன் கால் என் வாசலில் பட்டாலோ ஹம்தா எனக்குத் தலாக். ஊர் முன்னால் சொன்ன சொல். நான்கு வருஷமாகக் காப்பாற்றுகிறேன், இனியும் காப்பாற்றுவேன். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இமாமைத் தனியாகப் பிடித்து, "எழுதினா அது பேசின கணக்கா?" என்று மட்டும் கேட்டேன். "எழுத்துக்கு ஏதுப்பா குரல்?" என்று சிரித்தார். அதனால்தான் இந்தக் காகிதம். அபூ ஹுஸாம் தன் பஸ்ஸில் அம்மான் வரும்போது உன் கையில் கொடுப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மகன்களில் எனக்கு மிஞ்சியிருக்கிற ராகானும் விழுந்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாய் துரத்தியிருக்கிறது. ஓடியவன் சரளைக் கல் மேல் குப்புற விழுந்து கிடந்தான். வாத்தியார் தண்ணீர் அடித்தாராம். கண்ணைத் திறந்து, "என் செருப்பு எங்க சார்?" என்று கேட்டானாம். எனக்குச் செய்தி வந்தபோது தண்ணி லாரியோடு இருபது கிலோமீட்டர் தள்ளி நின்றேன். எப்படித் திரும்பி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை.

டாக்டர் ஒருவர் வலிப்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவ்வாதுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஸாயிலுக்கும் அதைத்தான் சொன்னார்கள். கல்யாண வீட்டில் துப்பாக்கி வெடித்ததும் பெரியவன் போனான், ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடியபோது சின்னவன் போனான். இரண்டு பேரையும் மண்ணுக்குள் வைத்த பிறகு, வலிப்பு இல்லை, இதயத் துடிப்பில் கோளாறு, நம் இரத்தத்தில் வருவது என்று நீதான் வந்து சொன்னாய். ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த அவ்வாதின் இரத்தத்தோடு எங்கள் எல்லார் இரத்தத்தையும் சின்னச் சின்னக் குழாயில் வாங்கிக்கொண்டு போனாய்; ராகானுக்கு மட்டும் ஊசி குத்த நான் விடவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று நான் சொல்லத் தேவையில்லை. குடும்ப மரத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்து, செத்தவர்களுக்குக் கறுப்படித்து, நீயும் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்களும் பல்கலைக்கழகச் சுவரில் ஒட்டினீர்கள். பெயர் போடவில்லை என்றாய். நம் ஜனத்துக்குப் பெயர் எதற்கு? ஏழு தலைமுறையை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள். எந்த அண்ணன் மகன் எந்தத் தம்பி மகளைக் கட்டினான் என்று பார்த்ததுமே அங்கே படிக்கிற பையன் ஒருத்தன் சொல்லிவிட்டான், இது முத்லக் வீடு என்று. நம் கடைசித் தங்கை மைஸாவின் நிச்சயம் முறிந்தது. கெட்ட இரத்தம் என்று பேராகிப்போய், கடைசியில் தாத்தா வயதுக்காரனுக்கு இரண்டாம் மனைவியாக எல்லை தாண்டிப் போனாள். அவள் போகும்போது நீ இல்லை. நான் இருந்தேன்.

எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என் அவ்வாதின் இரத்தத்தை வைத்து நீங்கள் எலி செய்து வைத்திருக்கிறீர்களாமே, அந்த எலிகளுக்கு மருந்து கண்டுபிடித்தீர்களா? ஆம் என்றால் அனுப்பு. இல்லை என்றால், எலிகளின் அத்தையே, பதில் போடாதே.

முத்லக்

அம்மான்
20 பிப்ரவரி 2010

அன்புள்ள அண்ணா,

அழாதே என்றாய். அபூ ஹுஸாம் கவரை நீட்டி உன் கையெழுத்தைப் பார்த்ததுமே அழுதுவிட்டேன். "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று அந்த மனுஷர் பயந்துபோனார்.

முதலில் ராகான். அவனுக்கு வலிப்பு இல்லை. அந்த மாத்திரையை நிறுத்து. வருகிற புதன்கிழமை அவனை அம்மானுக்குக் கூட்டி வா. எங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற இதய டாக்டர் லமீஸ் பார்ப்பார். நான் அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டேன், பயப்படாதே. ஓடும் பட்டையில் நடக்கவிட்டு நெஞ்சுத் துடிப்பை எழுதுவார்கள். பிறகு ஒரு மாத்திரை தருவார்கள். விடிந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. பயந்தாலும் ஓடினாலும் இரத்தத்தில் ஒரு வேகம் பாய்கிறதே, அது இதயத்தைத் தொடாமல் தடுத்து நிறுத்துவது இந்த மாத்திரைதான். ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. ஓட்டம் கூடாது, பந்து கூடாது, துப்பாக்கி வெடிக்கிற கல்யாணம் கூடாது.

எலிகளைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், இருக்கின்றன. அவ்வாதின் இரத்தத்தில் இருந்த அதே பிழையை வெளிநாட்டில் எலியின் கருவில் எழுதி எங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் பெருக்குவது என் வேலை. பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் நோய். அதனால் அண்ணன் எலிக்கும் தங்கை எலிக்கும் ஜோடி சேர்க்கிறோம். சேர்க்கும்போதெல்லாம் நம் வீட்டுக் கல்யாணங்கள் நினைவுக்கு வரும். யாரிடம் சொல்வது?

ஒவ்வொன்றின் வயிற்றிலும் அரிசி போல ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். ஓடவிட்டால் துடிப்பு திரையில் கோடாக வரும். நம் பிள்ளைகளுக்கு வந்தது போலவே கோடு திடீரென்று தாறுமாறாகும், எலி சாய்ந்துவிடும். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வாதே விழுந்த மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் அது எழுந்து உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது! விழுந்த எலி எழுந்துவிடும், அண்ணா. இதுவரை ஒன்றுகூடச் சாகவில்லை. இப்போது ஒரு புது மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். குடித்தவை விழுவதுகூட இல்லை. அடையாளத்துக்காகக் காதில் வெட்டு வைத்த ஒன்று இருக்கிறது. யாரும் இல்லாதபோது அதை அவ்வாதின் பிள்ளை என்று கூப்பிடுவேன். உனக்குக் கோபம் வந்தால் இந்த வரியை அடித்துவிடு.

நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹம்தா அண்ணிக்கு என் சலாம்.

வத்ஹா

கிர்பத் சல்மா
22 மார்ச் 2010

வத்ஹா,

புதன்கிழமை வந்து போனோம். உன் டாக்டரம்மா நல்ல மாதிரி. குரலை உயர்த்தாமல் பயமுறுத்துகிறாள். மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

ஹம்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தை ராகான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினான். எலிப் பகுதியை நான்கு தடவை படிக்கச் சொன்னாள். அவனுக்குப் பிடித்துவிட்டது. "வாப்பா, காது கிழிஞ்ச எலி எனக்கு அண்ணன் மகன்னா, நான் அதுக்குச் சித்தப்பாவா?" என்று கேட்கிறான். ஹம்தா சிரித்தாள். அவள் பல் தெரிந்து நான்கு வருஷமாகிறது. அந்த வரியை அடிக்கவில்லை.

இப்போது உன் டாக்டர் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கணும் என்கிறாள். மாத்திரை கொடுத்தும் சில பிள்ளைகள் போய்விடுகிறார்களாம், துடிப்பு கெட்டால் அந்தக் கருவி உள்ளேயே அடி கொடுத்து எழுப்புமாம். பேட்டரி போட்ட பிள்ளையாக என் மகன் திரியணுமா? உதை வாங்கித்தான் அவன் இதயம் ஓடணுமா? எலிக்கு எழுந்திருக்கத் தெரியும்போது என் மகனுக்குத் தெரியாதா? நாய் துரத்தியபோது எழுந்தானே! எனக்கு அந்த எலி மருந்தில் ஒரு புட்டி போதும். நீ உள்ளே இருக்கிறவள். எடுத்து அபூ ஹுஸாமிடம் கொடு. எலிக்குக் கொடுப்பீர்கள், சொந்த அண்ணன் மகனுக்குத் தரமாட்டீர்களா?

முத்லக்

அம்மான்
2 ஏப்ரல் 2010

அண்ணா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். போன கடிதத்தில் பாதியைத்தான் எழுதினேன், மீதியை இப்போது எழுதுகிறேன். உனக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் என்ற ஆசையில் செய்த தப்பு.

எலியை நம்பாதே.

எலியின் இதயம் கொண்டைக்கடலையில் பாதி இருக்கும். நிமிஷத்துக்கு அறுநூறு தடவை துடிக்கும். அவ்வளவு சின்ன இடத்தில் அந்தத் தாறுமாறான துடிப்பு சுற்றிக்கொண்டே இருக்க முடியாது. சுவரில் முட்டித் தானே அணைந்துவிடும். அதனால்தான் எலி எழுந்துவிடுகிறது, அதன் கெட்டிக்காரத்தனம் இல்லை. மனுஷ இதயம் பெரியது. அந்தச் சுழல் சுற்றிச் சுற்றி வர உள்ளே இடம் இருக்கிறது. ஆரம்பித்தால் நிற்பது அதிர்ஷ்டம். ராகானுக்கு நாய் துரத்தியபோது அதிர்ஷ்டம் இருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் இல்லை.

டாக்டர் லமீஸிடம் ஒருநாள் கேட்டேன், "சாகாத எலியை வெச்சு சாகிற பிள்ளைங்களை எப்படிம்மா புரிஞ்சிக்கிறது?" என்று. "துடிப்பு ஏன் கெடுதுன்னு எலி சொல்லும் வத்ஹா. கெட்ட பிறகு என்ன ஆகும்னு அதைக் கேட்கக் கூடாது" என்றார்.

அந்தப் புது மருந்தை வேறு நாட்டில் பெரியவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலிக்குக் கேட்டது போல அவர்களுக்குக் கேட்கவில்லை. இருவருக்கு இன்னும் மோசமானது. நான் திருடமாட்டேன், அண்ணா. பயத்தால் இல்லை. அது அவனைக் கொன்றுவிடலாம் என்பதால்.

மாத்திரையும் கருவியும்தான் வழி. பேட்டரி போட்ட பிள்ளை உனக்குக் குறையாக இருக்கலாம். எனக்கு அவன் உயிரோடு இருந்தால் போதும். கருவிக்கு ஒத்துக்கொள். உன் காலில் விழுகிறேன் என்று எழுதலாம் அல்லவா, அதற்குக் குரல் இல்லையே?

வத்ஹா

கிர்பத் சல்மா
11 மே 2010

வத்ஹா,

உன் கடிதத்தை லாரிக்குள் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. அத்தை சலாம் சொன்னாள் என்று மட்டும் சொன்னேன். காகிதம் லாரியில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

கருவிக்கு ஒத்துக்கொண்டேன். நோன்பும் பெருநாளும் கழிந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இடம் இல்லையாம்.

எலிக் கதையை மட்டும் பையனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பயம் வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு தூங்குகிறான். "விழுந்த எலி எழுந்துவிடும், விழுந்த எலி எழுந்துவிடும்." ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தெரு முழுக்க வேறு சொல்லி வைத்திருக்கிறான், அம்மானில் தனக்கு எலிச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று. மற்ற பிள்ளைகளுக்குப் பொறாமை.

முத்லக்

கிர்பத் சல்மா
5 செப்டம்பர் 2010

தங்கை வத்ஹாவுக்கு,

நோன்பின் கடைசி நாட்கள். வெயில் உயிரை எடுக்கிறது. பெருநாளுக்கு முன்னால் எல்லார் தொட்டியும் நிறைய வேண்டுமாம், ஊரே என்னை ஏலம் போட்டு இழுக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிறத்தியாருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், பார் என் பிழைப்பை.

ராகான் ஆறு மாதமாக ஒரு தடவைகூட விழவில்லை. உயரமாகிவிட்டான். நோன்பு பிடிக்கிறேன் என்று முதல் நாள் ஒரே சண்டை. அவன் வயதுப் பையன்கள் எல்லாரும் பிடிக்கிறார்களாம், இவனை 'மாத்திரை' என்று கூப்பிடுகிறார்களாம். அல்லாஹ் நோயாளிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறான், மத்தியான மாத்திரை முக்கியம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், பிறகு அடங்கிவிட்டான். நோன்பாளிகள் முன்னால் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று ரொட்டியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுகிறான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனாகவே. சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் கொஞ்சம் சோர்ந்து படுத்துவிடுவான், உதடு காய்ந்து போகிறது. எங்கள் எல்லாருக்குமே அப்படித்தான்.

அவன் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னான். "எலிங்களுக்குப் பகல்ல மட்டும் மருந்து கொடுக்கலேன்னா என்ன ஆகும்? விழுந்தா அப்பவும் எந்திரிக்குமான்னு அத்தைகிட்ட கேளுங்க வாப்பா." பெரிய டாக்டர் ஆவான் போலிருக்கிறது. பதில் எழுது, ஆவலாக இருக்கிறான்.

இன்னொன்று. இருபதாம் தேதி ஆபரேஷனுக்கு அம்மான் வருகிறோம். நான் சத்தியத்தில் சொன்னது என் வீட்டையும் என் வாசலையும். ஆஸ்பத்திரி என் வீடு இல்லை. நீ அங்கே வந்து வாயைத் திறந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பதில் சொல்வேனா என்பது வேறு விஷயம். வா.

முத்லக்

அம்மான்
8 செப்டம்பர் 2010, இரவு

அண்ணா,

இதைப் படித்த உடனே எழுந்து போய் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எண்ணு. தொட்டிக்குப் பின்னால் தேடு. மண்ணைக் கிளறிப் பார்.

அவன் விழுங்குவதை யார் பார்த்தார்கள்? நீயா, அண்ணியா? எலியிடம் மருந்து குடித்தாயா என்று கேட்க முடியாது, அதனால் நாங்கள் தண்ணீர்ப் புட்டியைக் காலையும் மாலையும் எடை போடுகிறோம். பிள்ளையின் வாயைக் கேட்காதே, டப்பாவைக் கேள். காய்ந்த உதடு, அஸருக்குச் சோர்வு, அந்தக் கேள்வி! அவன் நோன்பு பிடிக்கிறான், அண்ணா. முழு நோன்பும் பிடிக்கிறான். தண்ணீரும் இல்லாமல், மத்தியான மாத்திரையும் இல்லாமல். விழுந்தால் எழுந்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அதை நம்ப வைத்தவள் நான்.

இப்போதே ஒரு மாத்திரை கொடு. இனி ஒரு நோன்பும் வேண்டாம், கட்டிப்போட்டாவது கொடு. பெருநாள் அன்று பெருநாள் காசுக்காக வீடு வீடாக ஓட விடாதே. மடியில் உட்கார வைத்துக்கொள். திட்டாதே, பயமுறுத்தாதே, அதுவும் ஆபத்து. மெதுவாகச் சொல், அத்தை சொன்னது பொய், எலிக்கு வேறு இதயம், உனக்கு வேறு இதயம் என்று.

நீ போன் வைத்துக்கொள்வதில்லை, டாக்டர் லமீஸும் போனை எடுக்கவில்லை. அரை மணி நேரமாக ஹம்தா அண்ணியின் நம்பரைப் போனில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். என் குரல் அந்த வீட்டில் கேட்டால் அவள் வாழ்க்கை போய்விடும். ஒரு வீட்டை ஏற்கெனவே உடைத்தவள் நான். அபூ ஹுஸாமிடம் வாயால் சொல்லி அனுப்பலாம் என்றால், மறுபடியும் வத்ஹா வாயிலிருந்து நம் வீட்டு நோய் ஊருக்குள் போனது என்றாகும். உறையை ஒட்டி, அவசரம் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். விடியற்காலை வண்டியில் வருகிறது. நாளை மத்தியானத்துக்குள் உன் கையில் இருக்கும்.

வத்ஹா

அம்மான்
16 செப்டம்பர் 2010

அண்ணா,

துக்கத்துக்கு வந்தேன். மூன்று நாளும் வந்தேன். துக்கக் கூடாரத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், உன் வாசல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன். நீ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். என்னைப் பார்த்தாயா, சாலையைப் பார்த்தாயா என்று தெரியவில்லை. அண்ணியின் அழுகை வெளியே வரை கேட்டது. என் குரல் உள்ளே போகக் கூடாது, அவள் குரல் வெளியே வரலாம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். போகாமல் எங்கே போவது? அன்றைக்குக் காது வெட்டிய எலியின் முறை. மருந்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். விட்டேன். கோடு தாறுமாறானது. அது சாய்ந்தது. பிறகு எழுந்தது, அண்ணா. எழுந்து மீசையைத் துடைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அதன் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் போல் இருந்தது. கையில் எடுத்தும்விட்டேன். என் கைச் சூட்டுக்கு அது தூங்கப் பார்த்தது. கூண்டில் விட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். டாக்டர் லமீஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒன்று மட்டும் சொல். என் கடிதம் உன் கைக்கு வந்ததா?

வத்ஹா

கிர்பத் சல்மா
3 அக்டோபர் 2010

வத்ஹா,

வந்தது. என் கைக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அபூ ஹுஸாம் ஹம்தாவிடம் கொடுத்திருக்கிறான். நான் கடைசி லோடுக்கு அலைந்துகொண்டிருந்தேன். அவசரம் என்றானாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ராகானைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அவன் உறையைப் பிரித்து, முதலில் மனதுக்குள் படித்தானாம். அப்புறம் சத்தமாகப் படித்துக் காட்டினானாம். "அண்ணி, அண்ணா, ராகான், எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து. ராகானோட புதுச் சட்டை என்ன கலர்னு எழுதுங்க." ஹம்தா உன்னை வாழ்த்தினாள். காகிதத்தை அவனே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றைய கடைசி நோன்புதான் மிச்சம் இருந்தது, அதை விட அவனுக்கு மனசில்லை.

பெருநாள் காலை தொழுகை முடிந்து வந்து என் கையை முத்தமிட்டான். காதோடு சொன்னான், "வாப்பா, முப்பதும் பிடிச்சிட்டேன். யாருக்கும் தெரியாது."

எனக்குப் பெருமையாக இருந்தது, வத்ஹா. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பெருமைதான் முதலில் வந்தது. என் மகன், ஒன்பது வயது, இந்த வெயிலில் முப்பது நோன்பு! அவனை இறுக்கிப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டேன். மாத்திரை நினைவு வந்தபோது கை காலியாக இருந்தது. வெளியே பிள்ளைகள் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான். பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தெருமுனை திரும்பிவிட்டான்.

நாலாவது வீட்டு வாசலில் விழுந்திருக்கிறான். நான் செருப்பில்லாமல் ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பிள்ளைகள் எல்லாரும் அவனைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் ஒரு பெரியவரைக் கூப்பிடவில்லை. "ஒண்ணுமில்ல மாமா, பயப்படாதீங்க. எந்திரிச்சிடுவான். அவனே சொல்லியிருக்கான்" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். ராகானுடைய பங்கு மிட்டாயைத் தனியாகக் கையில் பிடித்து வைத்திருந்தான்.

அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது புதுச் சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒரு கல்லுக்கு அடியில் மாத்திரைகளும் இருந்தன. எண்ணவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். இரண்டாவது கடிதத்தை லாரி சீட்டுக்கு அடியில் ஒளித்தவன் நான். அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தால் எலியை நம்பியிருக்கமாட்டான்.

துக்கத்துக்கு இமாம் வந்தார். உன் கடிதத்தைக் காட்டினேன். நீ போனை அழுத்தி நிறுத்திய இடத்தைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் கையில் வைத்தார். அப்புறம் சொன்னார், "கோபத்துல போட்ட இந்த மாதிரி சத்தியத்துக்குத் தலாக் ஆகாதுப்பா. பத்து ஏழைங்களுக்கு ஒரு வேளை சோறு போட்டா தீர்ந்துபோகும்." பத்துப் பேர் சோறு! "அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், நாலு பேர் விலக்கினார்கள். அவர் அழுதுகொண்டே சொன்னார், "எழுதலாமான்னுதானே கேட்டே முத்லக். பேசணும்னு நீ கேட்கவே இல்லையே."

நான்கு வருஷம், வத்ஹா. ஒரு ஆட்டின் விலைக்கு.

நேற்று அந்தச் சோற்றைப் போட்டேன். தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிற எகிப்துக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்து, ஒரு கிடாயை அறுத்து, வாசலிலேயே பந்தி வைத்தேன். ஹம்தா எழுந்து வந்து சமைத்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் கை கழுவும்போது, "என்ன விசேஷம் முதலாளி? பையனுக்கா?" என்று கேட்டான். இல்லை, என் தங்கச்சி இனிமே இந்த வீட்டுல பேசலாம், அதுக்குத்தான் என்றேன். அல்லாஹ் உங்கள் வீட்டைக் கலகலப்பாக வைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். சத்தியம் தீர்ந்தது. இனி எழுத வேண்டாம். ஹம்தாவின் நம்பர் பழையதுதான், போன் ஜன்னலில் இருக்கிறது. கூப்பிடு. என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

முத்லக்